கடலூர் அரசு அருங்காட்சியகத்தில் திராவிடோசாரஸுக்கு ஒரு மூலை ஒதுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
அறிவியல் ஆசிரியை,
விருத்தாசலம் வட்டம்,
கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கடலூர்.

பொருள்: அருங்காட்சியகத்தில் திராவிடோசாரஸ் காட்சி அமைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டைனோசர் என்றால் சினிமாவில் வருவது. பக்கத்து அரியலூர் மாவட்டத்துப் பாறையில் ஒன்றின் எலும்பு கிடைத்ததாக அறிவித்தார்கள் என்று சொன்னால், "சும்மா சொல்றீங்க டீச்சர்" என்கிறார்கள். காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

1979-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் அரியலூர் பகுதியில் கிடைத்த எலும்புகளுக்கு 'திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி' என்று பெயரிட்டார்கள். முதுகில் எலும்புத் தகடுகள் கொண்ட ஸ்டெகோசார் வகை டைனோசர் என்பது அவர்கள் முடிவு. முழு எலும்புக்கூடு கிடைக்கவில்லை. மண்டையோட்டின் பகுதி, ஒரு பல், இடுப்பு எலும்புகள், சில தகடுகள், ஒரு முள், அவ்வளவுதான். பாறையின் வயது சுமார் 8.8 கோடி ஆண்டு. ஸ்டெகோசார்கள் பெரும்பாலும் அதற்கு வெகுகாலம் முன்பே மறைந்துவிட்டன. எனவே இது ஸ்டெகோசார்தான் என்றால், அந்த இனத்தில் கடைசியாக வாழ்ந்தவற்றில் ஒன்று.

"என்றால்" என்று இழுப்பதற்குக் காரணம் உண்டு. அந்தப் பாறை கடலடியில் படிந்தது; ஸ்டெகோசாரோ நிலத்து விலங்கு. தொல்லுயிரியலாளர் சங்கர் சாட்டர்ஜி உள்ளிட்டோர் அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு, இவை பிளீசியோசார் என்ற கடல் ஊர்வனவின் தேய்ந்துபோன எலும்புகள் என்று 1996-ல் எழுதினார்கள். மண்டையோடும் தகடும் அப்படித் தெரியவில்லை என்று பின்னர் மறுத்தவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியதே இந்தச் சண்டையைத்தான்.

ஆகவே புவியியல் ஆய்வுத் துறைக்குத் தாங்கள் எழுதி, மண்டையோட்டின் அச்சு வார்ப்பு ஒன்றைப் பெற்றுத் தர வேண்டுகிறேன். கூடவே தமிழில் ஒரு பலகை. அதில் விலங்கின் உருவத்தைக் கோட்டுப்படமாக வரைந்து, கையில் கிடைத்த எலும்புகளுக்கு மட்டும் வண்ணம் தீட்டட்டும். மீதி வெறுமையாக இருக்கட்டும். பச்சைத் தோலும் பெரிய பல்லுமாக ஒரு பொம்மை வைத்துவிட வேண்டாம், தயவுசெய்து. இரு தரப்பு வாதமும் பலகையில் வர வேண்டும்.

அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறதே என்று கேட்கலாம். சரி, ஆனால் கடலூர்ப் பிள்ளைகளுக்கு அது தூரம். தவிர, அதே கிரெட்டேசியஸ் காலப் பாறை (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டத்தது) விருத்தாசலம் பக்கமும் தலைகாட்டுகிறது. கிணறு வெட்டும்போது எலும்பு போன்ற கல் கிடைத்தால் உடைக்காமல் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லும்படி ஓர் அறிவிப்பும் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அறிவியல் ஆசிரியை