லிங்கன் ஆயரின் புனிதர்பட்டக் கோப்பை மீண்டும் திறந்து பாருங்கள்

புனிதர் பட்ட நிலைகளுக்கான திருப்பீடத் துறையினருக்கு,

பணிவான வணக்கம். நான் பள்ளியில் இயற்பியலும் ஞாயிறுகளில் மறைக்கல்வியும் நடத்துகிறவன். போன வாரம் ஜன்னலோரம் டம்ளரில் தண்ணீர் வைத்து, சுவரில் வண்ணப்பட்டை விழச் செய்தேன். வானவில்லுக்கு ஒளிவிலகலே காரணம் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதியவர் ராபர்ட் குரோஸ்டெஸ்ட், இங்கிலாந்தின் லிங்கன் நகர ஆயர் என்றேன். "அவர் புனிதரா சார்?" என்றான் ஒருவன். இல்லை என்றேன். "யாரும் கேட்கலையா?"

கேட்டார்கள். ஆக்ஸ்போர்டு மாணாக்கர்களை வழிநடத்திய அவருக்காக 1307இல் அந்தப் பல்கலைக்கழகமே எழுதிக் கேட்டது. எவருக்கும் அஞ்சி அவர் கடமையைக் கைவிட்டதில்லை என்றது. பட்டம் வரவில்லை. ஒருவேளை அந்த அஞ்சாமைதான் இடித்ததோ?

1253இல் நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. திருத்தந்தை நான்காம் இன்னசென்ட் தம் சொந்தக்காரப் பையன் ஃபெடரிகோவுக்கு லிங்கன் பேராலயத்தில் ஒரு பதவி கேட்டார். பையன் ஊர்ப்பக்கம் வரவே வேண்டாம், வருமானம் போய்ச் சேர்ந்தால் போதும். ஆயர், சாகக் கிடந்த வயதில், பதில் எழுதினார்: மகனுக்குரிய பணிவோடு கீழ்ப்படிய மறுக்கிறேன், எதிர்க்கிறேன். அக்டோபரில் இறந்தும் போனார்.

அதே ஆக்ஸ்போர்டின் வேந்தராக இருந்த தாமஸ் காண்டிலூப்பைக் கேன்டர்பரி பேராயர் திருச்சபையை விட்டே விலக்கினார். காண்டிலூப் 1282இல் இத்தாலியில் இறந்தார்; 1320இல் புனிதர். மகிழ்ச்சிதான். பேராயரோடு மோதினால் மன்னிப்பு உண்டு, ரோமோடு மோதினால் கிடையாது போலும். மேலிடத்துப் பிள்ளைக்கு இடம் ஒதுக்குவதும், தட்டிக்கேட்டவர் கோப்பு தூசி பிடிப்பதும் எந்த அலுவலகத்துக்குத்தான் புதிது!

மன்னிக்கவும், கேட்க வந்தது வேறு. குரோஸ்டெஸ்டின் கோப்பை மீண்டும் திறந்து பாருங்கள். யூதர்களைப் பற்றி அவர் எழுதியதை இன்று படிக்கக் கூசுகிறது. அதைக் காட்டி மறுப்பீர்களானால் ஒரு வார்த்தை பேசமாட்டேன். எடுத்துப் பார்த்துவிட்டு மறுங்கள், காரணத்தை எழுத்தில் தாருங்கள். அந்தப் பையன் ஒவ்வொரு வகுப்பிலும் "பதில் வந்ததா சார்?" என்கிறான்.

தங்கள் பணிவுள்ள,
ஒரு மறைக்கல்வி ஆசிரியர்