30 மில்லி பாட்டில்

அன்புள்ள சுப்பு,

நீ பொங்கலுக்குப் போட்ட கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டி முடித்துவிட்டு மேலே படி. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். சரசுவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இப்போது என்னைவிட வேகமாக நடக்கிறாள். பழனிச்சாமியை நாய் கடித்துவிட்டது. ஆமாம், அதே பழனிச்சாமியைத்தான், அதே வீதியில்தான். மூன்று ஊசி ஆகிவிட்டது. நாய் நலமாக இருப்பதாக உனக்கு எழுதச் சொன்னான்.

இதற்கெல்லாம் நான் பேனாவை எடுக்கிறவன் இல்லை என்று உனக்கே தெரியும். விஷயம் வேறு.

போன மாதம் தெங்குமரஹாடா போயிருந்தேன், மாதன் பேத்தியின் சீருக்கு. பவானிசாகரிலிருந்து காட்டுக்குள் போகுமே அந்த பஸ், இன்னும் அதே குலுக்கல்தான். பாதி வழியில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். யானையாக்கும் என்று எட்டிப் பார்த்தால், ஓடைக்கரையில் செத்துக் கிடந்த கடமான். அதன்மேல் பாறுகள், பிணந்தின்னிக் கழுகுகள். எண்ணினேன், பதினொன்று. ஒன்று கழுத்து முழுவதையும் வயிற்றுக்குள் விட்டிருந்தது. வெளியே இழுத்துத் திரும்பியபோது முதுகின் அடியில் வெள்ளை, துவைத்த துண்டை மடித்துப் போட்ட மாதிரி. நம் ஊர்க் கரட்டடியில் மாட்டைப் போட்டால் அரை நாளில் எலும்பு மட்டும் கிடக்குமே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கப்புறம் இத்தனை பாறுகளை நான் ஒன்றாகப் பார்த்ததே இல்லை.

பக்கத்து சீட்டில் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர், சின்னப் பையன். 2023 பிப்ரவரியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் சேர்ந்து எண்ணியபோது 246 என்றான், டிசம்பரில் 320 ஆம். மாயாற்றங்கரை நீர்மருதுகளில்தான் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது, வருஷத்துக்கு ஒரே முட்டை. நான் கால்நடை ஆய்வாளராக இருந்தவன் என்று மாதன் சொல்லிவைத்திருப்பான் போல. "ஐயா, நீங்களும் அந்த டைக்ளோ ஊசி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டான். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்டான். போட்டிருக்கிறேன் என்றேன். அப்புறம் ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சுப்பு, என்னை ஊசி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு நீ சிரித்ததெல்லாம் டைக்ளோஃபெனாக் என்ற அந்த வலி மருந்தை வைத்துத்தான். மடிநோயா, டைக்ளோஃபெனாக். நொண்டுகிறதா, டைக்ளோஃபெனாக். காய்ச்சல், பிரசவ வலி, எல்லாவற்றுக்கும் பையில் அந்த 30 மில்லி பாட்டில்தான். மலிவு வேறு. படுத்த மாடு மறுநாள் எழுந்து நிற்கும், இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். எழாமல் செத்த மாட்டை, மருந்து உடம்பில் இருக்கும்போதே இழுத்துக்கொண்டு போய்ப் போட்டார்கள். அதற்குமேல் யோசிக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து, பேரனை உட்கார வைத்துக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ராஜஸ்தான் பரத்பூரில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் எண்பதுகளிலேயே கூடுகளை எண்ணி வைத்திருந்தார். அந்தப் பழைய கணக்கு இருந்ததால்தான் தொண்ணூறுகளில் பாறு காணாமல் போவது தெரிந்தது. குருவி எண்ணுகிறவனுக்கெல்லாம் சம்பளமா என்று நானே டீக்கடையில் பேசியிருக்கிறேன். முதலில் வைரஸ் என்று நினைத்தார்கள். பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கரின் குழு, செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தால் ஈரல்மேலும் இதயத்தின்மேலும் சுண்ணாம்பு பூசின மாதிரி யூரிக் அமிலம். சிறுநீரகம் போயிருக்கிறது. கிருமியைத் தேடித் தேடி அலுத்து, கடைசியில் மாட்டுக்கு என்ன மருந்து போடுகிறீர்கள் என்று வைத்தியர்களிடமும் கடைக்காரர்களிடமும் விசாரித்திருக்கிறார்கள். பட்டியலில் சிறுநீரகத்தைக் கெடுக்கிற, வாய்வழியாகவும் உடம்பில் ஏறுகிற மருந்து ஒன்றுதான் இருந்தது, என் டைக்ளோஃபெனாக். 2004இல் வெளியிட்டார்கள். நூறு செத்த மாடுகளில் ஒன்றுக்கும் குறைவானதில் அந்த மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று இன்னொரு கணக்கு. அந்த நூற்றில் ஒன்றைப் போட்டவர்களில் நானும் ஒருத்தன்.

நம் அரசாங்கத்தையும் சொல்ல வேண்டும். பரேலி பக்கத்தில் ஈசத்நகரில் இருக்கிறதே, இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையம், அவர்களும் சேர்ந்து மாற்று மருந்தைச் சோதித்தார்கள். மெலாக்சிகாம் கொடுத்த பாறு பிழைத்தது. 2006இல் மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. ரெண்டே வருஷம்! நம் நாட்டில் ஒரு ஃபைல் இந்த வேகத்தில் நகர்ந்து நான் கேள்விப்பட்டதில்லை. இந்தியாவில் மாடுகளைக் கொன்றுகொண்டிருந்த வெக்கை நோய் ஒழிந்ததாகச் சான்று கிடைத்ததும் அதே 2006தான். அந்தத் தடுப்பூசி வேலையில் வேகாத வெயிலில் அலைந்ததை நான் எத்தனை பேரிடம் பீற்றியிருப்பேன். இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஆனால் வேகமெல்லாம் அதோடு சரி. மனிதர்களுக்கென்று விற்ற 30 மில்லி பாட்டில் மாட்டுக்கொட்டகைக்கே வந்துகொண்டிருந்தது. மனிதனுக்கு ஒரு ஊசிக்கு 3 மில்லி போதும், 30 யாருக்கு? 2015இல்தான் 3 மில்லிக்கு மேல் அடைக்கக் கூடாது என்றார்கள். அதை எதிர்த்து மருந்துக் கம்பெனிகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் 2017இல் தோற்றன. கீட்டோப்ரோஃபென் என்ற வலி மருந்தும் பாறுகளைக் கொல்லும் என்று 2010 வாக்கிலேயே ஆய்வில் தெரிந்துவிட்டது. தடை 2023 ஜூலையில். அசிக்ளோஃபெனாக் அதைவிடக் கூத்து, மாட்டின் உடம்புக்குள் போனதும் அதுவே டைக்ளோஃபெனாக்காக மாறிவிடுகிறது. ஆள் அதே ஆள், சட்டைதான் வேறு. நல்ல மருந்து என்று நம்பி, ஓய்வு பெறும்வரை அதையும் போட்டேனே!

இதில்தான் எனக்கு ஆறவே இல்லை. மாட்டு மருந்துக்கு அனுமதி கொடுக்கும்போதே, மாட்டைத் தின்கிற பறவைக்கு அது என்ன செய்யும் என்று பார்த்தால் என்ன? ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், எப்படிச் சோதிப்பது என்றும் தெரியும். ஒவ்வொரு தடவையும் பறவை முதலில் சாக வேண்டும், அப்புறம் யாராவது அறுத்துப் பார்க்க வேண்டும், அதன்பிறகு பத்து வருஷம் ஃபைல் தூங்க வேண்டும். என் மருமகன், "மாமா, பறவைக்கா இவ்வளவு செலவு?" என்கிறான். 2024இல் ரெண்டு பொருளாதார அறிஞர்கள் போட்ட கணக்கை அவனுக்குக் காட்டினேன். பாறு இல்லாமல் பிணம் அழுகி, தண்ணீர் கெட்டு, நாய் பெருகி, 2000 முதல் 2005 வரை இந்தியாவில் கூடுதலாகச் செத்த மனிதர்கள் சுமார் 5 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். பேசாமல் எழுந்து போய்விட்டான். பழனிச்சாமியைக் கடித்த நாயை நான் இதில் சேர்க்கவில்லை. அது அவன் சொந்தச் சம்பாத்தியம்.

போன வாரம் மாதனின் மருமகன் மாட்டுக்கு வலி மருந்து வாங்க டவுனில் ஒரு கடைக்குப் போனேன். பையன் யோசிக்கவே இல்லை, 3 மில்லி ஆம்பூல் பத்தை எண்ணி மேஜைமேல் வைத்தான். "மாட்டுக்கு இதுதாங்க எல்லாரும் வாங்குறாங்க." கணக்கும் சரியாகத்தான் இருந்தது, பத்து மூன்று முப்பது. மெலாக்சிகாம் கொடு என்றேன். நாளைக்கு வரும் என்றான். மறுநாள் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன்.

நீ செங்கல்பட்டிலேயே இருக்கிறாய். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்கு இப்போது என்னதான் நடக்கிறது, போய்ப் பார்த்தாயா? அந்த ரெண்டு மஞ்சள்முகப் பாறும் வராமல் போய் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்கும் என் ஊசிதான் காரணம் என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் அன்று குருக்கள் கையிலிருந்து சர்க்கரைப் பொங்கலை அது கொத்தித் தின்றதை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை, தூணில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாய்.

ஐப்பசியில் வருகிறேன். சரசுவும் படி ஏறுவேன் என்கிறாள். வெயில் ஏறுமுன் கிளம்பினால் உச்சிக்கு மேலே இருக்கலாம். ஃபிளாஸ்க்கில் காபி எடுத்துக்கொள், இந்தத் தடவையாவது விழித்திரு.

உன்,
ஊசி