எபென் ஜன்னல்களின் தட்டியை ஏற்றுங்கள்

மொரிஷியஸின் எபென் நகர அலுவலகங்களில் மேலாளர் நாற்காலியில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பத்தாருக்கு,

வணக்கம்.

இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். நாளெல்லாம் கணினித் திரை முன் இருக்கும் எங்கள் கண்களைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதி என் அலுவலகத்தில் இரண்டு முறை கொடுத்தாகிவிட்டது. முதல் கடிதத்துக்கு நன்றி வந்தது. இரண்டாவதற்கு ஆளுக்கொரு மஞ்சள் கண்ணாடி வந்தது. உங்களில் சிலரைத் தைப்பூசக் காவடியன்று கோர் தெ கார்த் மலைக் கோயிலில் பார்த்திருக்கிறேன். சிலருடைய பிள்ளைகள் என் சனிக்கிழமை வகுப்பில் படிக்கிறார்கள். வீட்டுப் பேச்சாகப் பேசிப் பார்க்கலாம் என்று தோன்றியது. (வீட்டில் நாம் பேசுவது கிரியோல்தான் என்பது வேறு விஷயம்.)

அந்த வகுப்பில்தான் எனக்கு உறைத்தது. சொற்பட்டியலைப் பார்த்துப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். "டீச்சர், அது மூணு சுழி" என்றாள் முதல் வரிசைச் சிறுமி. புத்தகத்தில் இருந்தது மணம். நான் எழுதியது மனம். அடுத்த வாரம் கடையில் கொடுத்த நூறு ரூபாய் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலிருக்கும் தமிழ் எழுத்தைப் படிக்கக் கையை நீட்டினேன், இன்னும் நீட்டினேன். கைதான் போதவில்லை.

வயது 46. வெள்ளெழுத்து வரும் வயதுதான், அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. கண் மருத்துவரும், கணினித் திரை என் கண்ணைப் பாழாக்கிவிடவில்லை என்றுதான் சொன்னார். ஆனால் மாலையானதும் மணல் விழுந்த மாதிரி உறுத்துவதற்கும், எழுத்து கலங்குவதற்கும், புருவத்துக்கு மேல் வலிப்பதற்கும் வயது காரணமில்லை. திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது வழக்கத்தில் பாதிக்கும் கீழே போய்விடுகிறதாம். இமைத்தால்தானே கண்ணீர் விழிமேல் பரவும்? அதோடு தலைக்கு நேர் மேலே ஏசி ஊதுகிறது. காலை 11 முதல் இரவு 8 வரை இதே நிலை. பிரான்ஸ் வாடிக்கையாளர்களோடு ஹெட்செட்டில் பேசுவதுதான் எங்கள் வேலை; பிரான்ஸ் விழித்திருக்கும் நேரம்தானே எங்கள் வேலை நேரம்.

கண்ணாடி விஷயத்திலும் எனக்கு அன்றுதான் தெளிவு வந்தது. படிக்கும் கண்ணாடி 40 சென்டிமீட்டர் தூரத்துக்குச் செய்தது. என் மேசையில் திரை இருப்பது 65 சென்டிமீட்டரில். எழுத்தைத் தெளிவாகப் பார்க்க மோவாயைத் தூக்கியும் கழுத்தை நீட்டியும் உட்கார்ந்து, கழுத்து வலிக்கு இரண்டு வருடம் தைலம் தேய்த்திருக்கிறேன். கணினித் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி எடுத்ததும் அந்த வலி பெரும்பாலும் போய்விட்டது. அந்த மஞ்சள் கண்ணாடியோ மேசை இழுப்பறையில் கிடக்கிறது. நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடிகளைப் பற்றிய 17 சோதனைகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 2023இல் அலசினார்கள். கணினியால் வரும் கண் அயர்ச்சி அவற்றால் குறைவதாகத் தெரியவில்லை என்பதுதான் அவர்கள் கண்டது. அதற்குச் செலவான பணத்தில் கண் பரிசோதனை செய்திருக்கலாம்.

நாங்கள் நாளெல்லாம் பேசுவது பிரெஞ்சுக்காரர்களோடு. அவர்களில் கணினி முன் வேலை பார்ப்பவருக்கு, 1990ஆம் ஆண்டு ஐரோப்பிய நெறிமுறைப்படி, வேலையில் சேரும்போதும் பிறகு குறித்த இடைவெளிகளிலும் கண் பரிசோதனை உண்டு. தேவைப்பட்டால் கண்ணாடியும் உண்டு. செலவு முதலாளியுடையது. ருமேனியாவில் ஓர் அரசு ஊழியர் கண்ணாடிச் செலவைக் கேட்டு வழக்காடினார். கணினி வேலையில் வரும் பார்வைச் சிக்கலுக்கு என்றால் சாதாரண மூக்குக் கண்ணாடிக்கும் அது பொருந்தும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம், பிரான்சின் பகுதியான ரெயூனியன் தீவில் இதே வேலை பார்க்கும் நம் உறவுக்காரருக்கும் அந்த உரிமை இருக்கிறது. வாடிக்கையாளர் ஒருவரே, திரையும் ஒன்றே. கண் மட்டும் வேறா?

நம் நாட்டில் சர்க்கரை நோய் எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாத்திரை டப்பா இருக்கிறது. முறையான கண் பரிசோதனையில் விழித்திரையையும் பார்ப்பார்கள். சர்க்கரையால் வரும் சேதம் பார்வை மங்குவதற்கு முன்பே தெரியவரும். மோக்காவில் அரசு கண் மருத்துவமனைக்குப் பாரதியின் பெயரையே சூட்டியிருக்கிற நாம், வேலைக்கு எடுக்கும் பிள்ளைகளின் கண்ணை ஒருமுறைகூடப் பார்க்காமல் இரண்டு திரைகளுக்கு முன் உட்கார வைக்கிறோம்.

ஓய்வுக்கு வருகிறேன். உணவு இடைவேளையும் தேநீர் இடைவேளையும் கிடைக்கின்றன, அதில் வழக்கில்லை. கண்ணுக்கு வேண்டியது அடிக்கடி கிடைக்கும் சின்ன ஓய்வு: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 விநாடி, ஆறு மீட்டருக்கு அப்பால் பார்ப்பது. எங்கள் கணினியில் இடைநிறுத்தப் பொத்தானை அழுத்தினால் காரணம் கேட்கும். உணவு, கூட்டம், கழிப்பறை என்று இருக்கிறது. கண் என்று இல்லை. அதனால் கழிப்பறை என்று அழுத்துகிறேன். என் மாதப் பதிவேட்டைப் பார்ப்பவர்கள் எனக்கு வேறு ஏதோ நோய் என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பட்டியலில் இன்னொரு வரி சேர்த்து, அதை யார் கணக்கிலும் குறையாக எழுதாமல் விடுங்கள். பரிசோதனையும் கண்ணாடியும் பட்ஜெட்டுக்குக் காத்திருக்க வேண்டும் என்றால் இதற்கு ஒரு காசும் ஆகாது.

ஆறு மீட்டருக்கு அப்பால் பார்க்க எங்கள் மாடியில் என்ன இருக்கிறது என்பீர்கள். ஜன்னல் இருக்கிறது, தட்டி இறக்கியபடி. மேற்குப் பார்த்த ஜன்னல், சாயங்கால வெயில் திரையில் அடிக்கிறது என்று ஒரு நாள் இறக்கினார்கள், பிறகு ஏற்றவே இல்லை. மேசைகளை ஜன்னலுக்குப் பக்கவாட்டாகத் திருப்பிப் போட்டால் பாதிக் கூச்சம் போய்விடும். அதுவரை, வெயில் வருவது மூன்று மணிக்கு மேல்தான். காலை 11 முதல் மூன்று வரையாவது ஏற்றி வையுங்கள். கோர் தெ கார்த் நேர் எதிரே தெரியும்.

இப்படிக்கு,
எபெனில் 12 வருடமாக ஹெட்செட் மாட்டியிருக்கும் ஒரு சனிக்கிழமைத் தமிழ் டீச்சர்
ரோஸ் ஹில், மொரிஷியஸ்