தபால்காரர்களுக்கு ஒரு பத்தி

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் தெரு தபால்காரர், எதிர்வீட்டுப் பாட்டிக்கு முதியோர் பணம் கொடுக்கும்போது ஒவ்வொரு நோட்டாக அவர் உள்ளங்கையில் எண்ணி வைப்பார். அப்புறம் "சரியா இருக்குங்களா ஆத்தா?" என்று கேட்டுவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். அந்த முகத்தில் சலிப்பைப் பார்த்ததே இல்லை.

அவரைப் பார்க்கும்போதெல்லாம் குன்னூர் தபால்காரர் சிவன் நினைவுக்கு வருகிறார். யானையும் கரடியும் திரியும் காட்டுவழியில் தினமும் சுமார் 15 கிலோமீட்டர் நடந்து கடிதம் கொடுத்து, 2020-இல் ஓய்வு பெற்றவர். நாலு கடிதத்துக்கு இவ்வளவு தூரமா? வாங்குகிறவருக்கு அது ஒரே கடிதமாயிற்றே!

வேலையை இப்படி நேசிப்பவர்களுக்கு வாரம் ஒரு பத்தி ஒதுக்குங்கள், ஐயா. எங்கள் தபால்காரரைப் பற்றி நானே முதலில் எழுதி அனுப்புகிறேன்.

– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்