ஜீப்பை விற்கவில்லை, தேன்மொழி

பெரம்பூர், சென்னை

அன்புள்ள தேன்மொழிக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளை போன வாரம் போனில், "மாமா, இன்னும் எத்தனை நாளைக்கு அந்த ஜீப்பைக் கட்டிக்கிட்டு அழுவீங்க, வந்த விலைக்குத் தள்ளிவிட்டுடுங்க" என்றார். அக்கறையில் சொன்னதுதான், தப்பில்லை. ஆனால் அவருக்குப் போனில் பதில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்பதோடு முடிந்துவிடும். உனக்கு எழுதினால் நீ படித்துப் பார்த்து, அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லுவாய்.

விஷயம் இதுதான். கீழே கார் பார்க்கிங்கில் டைல்ஸ் போட்டதிலிருந்து, ஜீப் நிற்கிற இடத்தில் கறுப்பாக ஆயில் சொட்டுகிறது என்று அசோசியேஷனில் ஒரே பேச்சு. ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்து காட்டினேன். கீழே படுத்து எட்டிப் பார்த்தார். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்கிற கூடான கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையிலிருந்து சொட்டு விழுந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, "பின்னாடி கிராங்க் சீல் போயிடுச்சு சார், கியர்பாக்ஸை இறக்கணும், அப்படியே கிளட்சும் மாத்திடலாம்" என்றார். கிராங்க் சீல் என்பது கிராங்க் தண்டு எஞ்சினை விட்டு வெளியே வருகிற இடத்தில் ஆயிலைத் தடுக்கிற வளையம். அவர் சொன்ன தொகையைக் கேட்டுத்தான் மாப்பிள்ளை விற்கச் சொன்னது.

சொட்டுகிற இடத்தை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்லக்கூடாதம்மா. ஆயில் மேலே எங்கோ கசிந்து, பிளாக்கின் ஓரமாக வழிந்து, ஃபேன் காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, எது தாழ்ந்த இடமோ அங்கே வந்து சொட்டும். முன்பக்கம் கசிந்தாலும் பின்பக்கம்தான் நனையும். அதனால் நனைந்த இடத்திலேயே எது உயரம், எது முன்னால் என்று தேடிக்கொண்டு போக வேண்டும்.

முதலில் சொட்டுவது என்ன என்று பார்த்தேன். ஒரு பழைய தினத்தந்தியை அடியில் விரித்து ராத்திரி விட்டுவிட்டேன். டீசல் எஞ்சின் ஆயில் புதிதாக ஊற்றினாலும் கொஞ்சம் ஓடியதுமே கரி ஏறிக் கறுத்துவிடும். கியர் ஆயில் என்றால் பிசுபிசுவென்று இருக்கும், கந்தக நாற்றம் அடிக்கும். டீசலே ஒழுகினால் தண்ணீராக இருக்கும், வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். இது எஞ்சின் ஆயில்தான், சந்தேகம் இல்லை.

அப்புறம் எஞ்சினைக் கழுவினேன். இதைத்தான் யாரும் செய்வதில்லை. முப்பது வருட எண்ணெயும் மண்ணும் அப்பிக் கிடக்கிற பிளாக்கில் புதுக் கசிவு எங்கே தெரியும்? ஆல்டர்னேட்டருக்கும் ஸ்டார்ட்டருக்கும் பிளாஸ்டிக் கவர் கட்டி, டீசலும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, வாட்டர் சர்வீஸ் கொடுத்து, வெயிலில் காயவிட்டேன். காய்ந்ததும் அம்மாவின் கோகுல் சாண்டல் பவுடரை எடுத்து எஞ்சின் தலையை மூடுகிற டேப்பெட் கவர் ஓரம், ஆயில் ஃபில்டர், ஆயில் பிரஷர் சுவிட்ச், டைமிங் கவர், அடியில் ஆயில் தேங்குகிற சம்ப் விளிம்பு என்று எல்லா இடத்திலும் தூவினேன். அவள் திட்டியதை இங்கே எழுதவில்லை.

அப்படியே மாதவரம் தாண்டி ரெட்ஹில்ஸ் வரை ஓட்டினேன். வெறுமனே நிறுத்தி ஐட்லிங்கில் பார்த்தால் பாதிக் கசிவு தெரியாது. ஆயில் சூடாகி இளகி, பிரஷர் ஏறினால்தான் வெளியே வரும். பிரஷர் சுவிட்ச், ஃபில்டர், வேக்குவம் பம்புக்குப் போகிற ஆயில் குழாய் இவையெல்லாம் எஞ்சின் ஓடும்போதுதான் ஒழுகும். சம்ப், டேப்பெட் கவர் பக்கம் ஆயில் பிரஷர் கிடையாது, தெறிக்கிற ஆயில்தான். அங்கே மெதுவாகக் கசிந்து, வண்டியை நிறுத்தின பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும்.

திரும்பி வந்து பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தேன். முன்பக்கம் மேலெல்லாம் பவுடர் வெள்ளையாக அப்படியே இருந்தது. டேப்பெட் கவரின் பின் மூலையில், எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவில் இருக்கிற தகடான ஃபயர்வால் பக்கம், கை நுழையாத இடத்தில் கறுப்பாக ஒரு கோடு. அது பிளாக்கின் பின்புறமாக இறங்கி, கிளட்ச் ஹவுசிங் சேர்கிற இடுக்கில் போய் மறைந்தது. உள்ளே போன ஆயில் அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே வரும். பார்க்கிறவருக்குக் கிராங்க் சீல் மாதிரியேதான் தெரியும்.

கவரைக் கழற்றினால், அதன் அடியில் இருக்கிற கார்க் பேக்கிங் முறுக்கு மாதிரி நொறுங்கியது. ஜி.பி. ரோட்டில் புதுசு கிடைத்தது. பழசு வேண்டுமானால் புதுப்பேட்டை, ஆனால் பேக்கிங்கைப் பழசாக வாங்குகிறவன் கிடையாது. கவரைக் கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்துப் பார்த்தேன். போல்ட் ஓட்டை ஒவ்வொன்றைச் சுற்றியும் தகடு குழிந்திருந்தது. கசிகிறது என்று யாரோ மேலும் மேலும் முறுக்கியிருக்கிறார்கள். முறுக்க முறுக்கப் போல்ட் இருக்கிற இடம் அழுந்தும், நடுவில் தூக்கிக்கொள்ளும், ஒழுகல் கூடத்தான் செய்யும். ஒரு மரக்கட்டை மேல் வைத்து, உருண்டைத் தலை சுத்தியலால் தட்டித் தட்டிச் சமமாக்கினேன். அனபாண்ட் பசையைக் கவர் பக்கம் மட்டும் மெல்லிசாகத் தடவினேன். அதை அப்பிவிடுகிறவர்கள் ஏராளம். பிதுங்கி உள்ளே விழுகிற துணுக்கு சம்ப்பில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலையை அடைத்தால், எஞ்சினே போய்விடும்.

இத்தோடு விட்டிருந்தால் புதுப் பேக்கிங்கும் சீக்கிரம் ஒழுகியிருக்கும். பேக்கிங் ஏன் தோற்றது என்று பார்க்க வேண்டும் அல்லவா? நம் ஜீப் மாதிரிப் பழைய டீசல் எஞ்சினில் காற்றை 20 மடங்குக்கு மேல் அழுத்துகிறது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் புகை கீழே இறங்கத்தான் செய்யும். அது வெளியேற இருக்கிற ஒரே வழி பிரீத்தர் குழாய். நம் ஜீப் இப்போது மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும்தான் போகிறது. எஞ்சின் முழுதாகச் சூடாவதில்லை, ஈரமும் ஆயிலும் சேர்ந்து பழுப்புக் களிம்பாகி அந்தக் குழாயைப் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. உள்ளே அழுத்தம் ஏறினால் எந்த மூலை பலவீனமோ அதைப் பிய்த்துக்கொண்டு ஆயில் வரும்.

குழாயைக் கழற்றி டீசலில் கழுவிவிட்டு, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து ஐட்லிங்கில் வைத்துப் பார்த்தேன். ரயில் எஞ்சின் மாதிரிப் புஸ் புஸ்ஸென்று அடித்தால் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், அப்போது மாப்பிள்ளை சொன்னதையே யோசிக்க வேண்டியிருக்கும். இங்கே லேசாக ஆவிதான் வந்தது. மூடியைத் தலைகீழாக வைத்தேன், ஆடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. பிரெஞ்சுக் கம்பெனி பெஜோவின் டிசைன் எஞ்சின் இது. ஒழுங்காக ஆயில் மாற்றினால் சாமானியமாகச் சாகாது.

ஆயில் அளவையும் சொல்லிவிடுகிறேன். ஒழுகுகிறது என்று பயந்து கேஜில் மேல் கோட்டையும் தாண்டி ஊற்றக்கூடாது. ஒழுகலை நிறுத்துகிற மருந்து என்று பாட்டிலில் விற்கிறார்கள். ரப்பரைக் கொஞ்சம் ஊதவைக்கும், அவ்வளவுதான். கார்க்கை அது என்ன செய்யும்?

இப்போது கிளட்ச் ஹவுசிங் ஓட்டையில் ஈரம் இல்லை, பேப்பர் சுத்தம். கியர்பாக்ஸை யாரும் தொடவில்லை. முன்பக்கக் கிராங்க் புல்லிக்குப் பின்னால் மட்டும் லேசாக ஒரு கசிவு வட்டம் தெரிகிறது. தரையில் சொட்டுகிற அளவு இல்லை, அவசரமும் இல்லை. புல்லி நட்டைத் தனியாளாகக் கழற்ற முடியாது. நீ பொங்கலுக்கு வரும்போது டாப் கியரில் போட்டு பிரேக்கை அழுத்திக்கொண்டு உட்கார், நான் ஸ்பேனரில் பைப் சொருகி முறுக்குகிறேன். சீல் விளிம்பு உரசி உரசிப் புல்லியில் பள்ளம் விழுந்திருந்தால், புதுச் சீலை அதே இடத்தில் உட்காரவைக்காமல் ஒரு நூல் தள்ளி வைக்க வேண்டும். அந்த வேலைக்கு என் கண்ணை விட உன் கண் தேவலை.

ஆர்.சி. கவலையும் வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். பழைய டீசல் வண்டிக்கு டில்லியில் போட்ட தடை இங்கே இல்லை. 1992-இல் பதிவு செய்த வண்டி, 15 வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டுதான் வருகிறோம், அடுத்தது 2027-இல்.

டிக்கெட் போட்டதும் தேதி சொல்லு. சனிக்கிழமை காலைக்குள் வந்து சேர்கிற மாதிரி பார். சீல் மேல் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண் அச்சடித்திருக்கும், பழசைக் கழற்றிக் கையில் கொண்டுபோனால்தான் சரியாக வாங்க முடியும். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது.

அன்புடன்,
அப்பா