உன் மகள் விஷயமாக

அன்புள்ள முரளி,

நலம், நலமறிய ஆவல். உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் பாக்கி இருக்கிறது, தெரியும். வீடு மாறிய கதை, மூர்த்தியின் முழங்கால் எல்லாவற்றுக்கும் தனியாக எழுதுகிறேன். இன்று ஒரே விஷயம்தான்.

உன் மகள் போன வாரம் எனக்குப் போன் செய்தாள். கையில் வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு பி.எச்.டி. சேரப் போகிறாளாம், அதுவும் என் துறையில், பலரின் விருப்பங்களைச் சேர்த்து முடிவெடுக்கும் முறைகளைக் கணினிக் கண்ணால் ஆராயும் கணினிசார் சமூகத் தேர்வில். "அப்பாகிட்ட முதல்ல நீங்க சொல்லுங்க மாமா, அப்புறம் நான் பேசறேன்" என்றாள். சரி என்றுவிட்டேன். கத்துவதாக இருந்தால் என்னிடமே கத்தி முடித்துவிடு, அவளிடம் வேண்டாம்.

"ஓட்டு எண்ணுறதுக்கு ஒரு ஆராய்ச்சியா?" இதைத்தானே முதலில் கேட்பாய்? எத்தனையோ வருஷமாகக் கேட்கிறாய், நானும் பேச்சை மாற்றியிருக்கிறேன். இந்தத் தடவை பதில் சொல்லியாக வேண்டும்.

நீயும் மூர்த்தியும் நின்று ஓட்டைப் பிரித்துக்கொண்டீர்களே, அந்த விடுதித் தேர்தலில் ஜெயித்தது யார்? பாதிப் பேருக்கு மேல் யாரை வேண்டவே வேண்டாம் என்றார்களோ, அவர். (இன்னமும் மூர்த்தியைத்தான் திட்டுகிறாயா?) கள்ள ஓட்டு இல்லை, எண்ணியதிலும் தப்பு இல்லை. அதே ஓட்டுகளை வேறு முறையில் எண்ணியிருந்தால் உங்களில் ஒருவர் செயலாளர். அப்படியானால் எந்த முறை சரி? 1785-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கொந்தோர்சே இதில் இறங்கியபோதே ஒரு சிக்கலைக் கண்டார். சில சமயம் பெரும்பான்மை அ-வை ஆ-வைவிட விரும்பும், ஆ-வை இ-யைவிட விரும்பும், ஆனால் இ-யை அ-வைவிட விரும்பும். சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். 1951-இல் பொருளியலாளர் கென்னத் ஆரோ கதவையே சாத்தினார். மூன்று பேரோ அதற்கு மேலோ போட்டியிட்டால், வாக்காளர்களின் விருப்ப வரிசைகளைச் சேர்த்து ஒரே வரிசையாக்கும் எந்த முறையும் சில எளிய நியாயங்கள் அத்தனையையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாது என்று நிரூபித்துவிட்டார்.

கணினிக்காரர்கள் உள்ளே வந்தது அதற்குப் பிறகுதான். 1989-இல் பார்தோல்டி, டோவி, ட்ரிக் மூவரும் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கணிதவியலாளர் டாட்ஜ்சன் சொன்ன தேர்தல் முறை ஒன்றைக் கையில் எடுத்தார்கள். கேட்க அழகான முறை. ஆனால் அதில் ஜெயித்தவர் யார் என்று கண்டுபிடிப்பதே என்.பி.-கடினம் என்று காட்டினார்கள். வேட்பாளர்கள் பெருகினால், எல்லா ஓட்டும் கையில் இருந்தும் முடிவு சொல்ல முடியாமல் கணினி திணறும். நியாயமான முறை என்றால் மட்டும் போதாது, கணக்கிட்டு முடிக்கவும் முடிய வேண்டும். நான் இந்தத் துறைக்குள் வந்தது அந்த ஒரு முடிவைப் படித்துவிட்டுத்தான்.

ஆனால் அவளை இழுத்தது வேறு. ஊர்ப் பொதுப்பணத்தில் எந்தெந்த வேலைகளைச் செய்யலாம் என்று மக்களே ஓட்டுப் போடுகிறார்கள் என்று வை. மொத்தம் 100 பணம், ஒவ்வொரு வேலைக்கும் 10. வாக்காளர் 100 பேர். 60 பேர் வடக்குத் தெருவின் பத்து வேலைகளுக்குப் போடுகிறார்கள், 40 பேர் தெற்குத் தெருவின் பத்துக்கு. வழக்கமாக எண்ணினால் வடக்குக்குப் பத்தும் போய்விடும், தெற்குக்கு ஒன்றுகூடக் கிடையாது. இப்போது ஆளுக்கு ஒரு பணம் என்று பிரித்துக் கொடுத்துவிடு. ஒரு வேலையை விரும்புகிறவர்கள் தங்கள் பணத்தைச் சமமாகப் போட்டு அதை வாங்கிக்கொள்ளட்டும். வடக்கு ஆறு வாங்கும், தெற்கு நான்கு. சமப்பங்கு முறையின் சாரம் இவ்வளவுதான். டொமினிக் பீட்டர்ஸும் பியோத்தர் ஸ்கோவ்ரானும் 2020-இல் முன்வைத்தார்கள். 2023-இல் போலந்தின் வியலிச்காவும் சுவிட்சர்லாந்தின் ஆராவும் நிஜமாகவே இந்த முறையில் ஓட்டு எண்ணின. மூன்றே வருஷம், முரளி! ஒரு தேற்றம் தாளிலிருந்து இறங்கி ஊரின் பணத்தைப் பங்கிட வேறெந்தத் துறையில் இவ்வளவு சீக்கிரம் போகிறது?

இன்னொன்றும் இருக்கிறது. கேள்விக்குப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளைப் பழக்கும்போது மனிதர்களிடம் இரண்டு பதில்களைக் காட்டி எது தேவலை என்று கேட்கிறார்கள். பலரின் விருப்பங்கள் அங்கே ஒரே மதிப்பெண்ணாகச் சுருங்குகின்றன. அதுவும் தேர்தல்தானே? வழக்கமாகப் பழக்கும் முறை உள்ளுக்குள் செய்வது 18-ஆம் நூற்றாண்டின் போர்தா எண்ணிக்கையைத்தான் (விருப்ப வரிசையில் பிடித்த இடத்துக்கு ஏற்ப மதிப்பெண் கொடுத்துக் கூட்டுவது) என்று 2023-இல் ஒரு ஆய்வு காட்டியது. யாரும் உட்கார்ந்து யோசித்து போர்தாவைத் தேர்ந்தெடுக்கவில்லை, தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. அதன் குறைகள் எங்களுக்கு அத்துப்படி. ஜெயிக்க வழியே இல்லாத ஒருவரைப் பட்டியலில் சேர்த்தால்கூட முதலிடம் கை மாறிவிடலாம். இதைச் சொல்ல அங்கே ஆள் வேண்டாமா? உன் மகள் போய்ச் சொல்லட்டும் என்று ஆசையாக இருக்கிறது.

சரி, இனி கெட்ட செய்தி. அவளிடமும் சொல்லிவிட்டேன்.

இந்தத் துறைக்குச் சொந்த வீடு கிடையாது. கணினித் துறையில் விண்ணப்பித்தால் "இது பொருளியல் மாதிரி இருக்கிறதே" என்பார்கள். பொருளியலில் போய்க் கேட்டால் மாநாட்டுக் கட்டுரைகளைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள், வருஷக்கணக்கில் இழுக்கும் ஆய்விதழ்கள்தான் அவர்களுக்குக் கட்டுரை. நடுவில் நிற்கிறவர்கள் ஒப்பந்தம் ஒப்பந்தமாக நாடு மாறிக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் படித்த பையன், உனக்கும் தெரியும், அன்று பெரியவர் வீட்டில் உன்னோடு விடாமல் வாதாடினானே, அவன் இந்த மாதம் ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஒரு நிறுவனத்துக்குப் போய்விட்டான். அவன் நிரூபித்த தேற்றத்தை நான் இப்போதும் வகுப்பில் நடத்துகிறேன். இரண்டு போஸ்ட்டாக் (பி.எச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சி வேலை) முடித்தும் நிலையான இடம் கிடைக்கவில்லை. எனக்கு மனசே ஆறவில்லை. உன் மகளுக்கும் இது நேரலாம். நேராது என்று உனக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது.

அதனால்தான் அவளிடம் கறாராகப் பேசினேன். அல்காரிதத்தில் கையை ஊன்றிக்கொள், வேலை தேடும்போது அதுதான் காப்பாற்றும். இந்தத் துறைக்கென்று 2016-இல் வந்த கையேடு இணையத்தில் இலவசம், அதைப் படி. பிறகு பிரெஃப்லிப், பாபுலிப் என்ற இணையத் தரவுத் தொகுப்புகளில் நிஜத் தேர்தல் தரவு கிடக்கிறது, ஒரு முறையை அதில் ஓட்டிப் பார்த்து எங்கே உடைகிறது என்று எழுது. அது பிடித்திருந்தால் மட்டும் விண்ணப்பம் போடு என்றேன். மூன்றாம் நாள் நாலு பக்கம் எழுதி அனுப்பினாள். 51-க்கு 49 என்று ஓட்டு வந்தால் சமப்பங்கில் பணம் மிஞ்சுமே, அதை என்ன செய்வது என்பதைப் பற்றி. ஐந்தும் நான்கும் வாங்கிய பிறகு மிஞ்சும் பத்தை எந்தப் பக்கமும் தனியாகத் தொட முடியாது. அவள் சொல்லும் தீர்வு எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் அவள் தப்பு செய்திருக்கும் இடம் நல்ல இடம். அந்த இடத்துக்கு வந்து சேரவே என் மாணவர்களுக்கு ஒரு வருஷம் ஆகும்.

நான் வழிகாட்டியாக இருக்க மாட்டேன், அதில் மாற்றமில்லை. நண்பன் மகளைத் திட்ட எனக்கு வராது. வேறு மூன்று பேருக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவள் உன்னிடம் பேசுவாள். பணத்தைப் பற்றிக் கேள், கேட்க வேண்டியதுதான். அதற்கு முன்னால் அந்த நாலு பக்கத்தையும் காட்டச் சொல்லிப் படித்துப் பார். சம்மதமோ இல்லையோ, புதன்கிழமைக்குள் எனக்கு ஒரு வரி எழுதிவிடு. பரிந்துரைக் கடிதத்தை அதற்குள் அனுப்பியாக வேண்டும்.

உன்,
ரகு