கிளிப்பச்சையை அளந்து போடுங்கள்

யாழ்ப்பாணத்தில் பனர், நோட்டீஸ், பெயர்ப்பலகை வடிவமைக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். மஞ்சள் கலந்த அந்தப் பளிச்சென்ற கிளிப்பச்சை இப்போது ரவுணில் எந்தச் சந்தியில் நின்றாலும் கண்ணில் படுகிறது. எனக்கு அது மிகவும் பிடித்த நிறம். அது வீணாவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் அதிகம் உணர்வது 555 நானோமீற்றர் அலைநீளத்தை. மஞ்சளும் பச்சையும் சேரும் இடம் அது. வீதி வேலை செய்பவர்களின் மேலங்கிக்கு இந்த நிறம் பொருந்துவதும் அதனால்தான். பனரில் இது எங்கே இருக்கிறதோ, கண் முதலில் அங்கே போகும். முழுவதும் இதையே பூசிவிட்டால் எதை முதலில் பார்ப்பது என்றே தெரியாது.

அண்மையில் மதிலொன்றில் ஒரு ரியூசன் நோட்டீஸ் பார்த்தேன். கிளிப்பச்சைப் பின்னணியில் பாடம், நேரம், தொலைபேசி இலக்கம் எல்லாம் வெள்ளை எழுத்தில். கறுப்புக் கரை போட்டிருந்தபடியால் 'உயர்தரம்' மட்டும் தூரத்தில் தெரிந்தது. இலக்கத்தை வாசிக்க சைக்கிளை விட்டு இறங்கி மதிலடிக்கே போகவேண்டியிருந்தது. பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று தேடும் ஒரு தாய் அவ்வளவு மினக்கெடுவாரா?

கணக்கும் இதையே சொல்கிறது. திரையில் சிவப்பு 127, பச்சை 255, நீலம் 0 என்று வரும் கிளிப்பச்சைக்கும் வெள்ளைக்கும் உள்ள ஒளி வேறுபாடு 1.3-க்கு 1 மட்டுமே. இணையத்தளங்களுக்கான அணுகல் நெறிமுறை சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5-க்கு 1. அதே பச்சையில் கறுப்பு எழுத்தைப் போட்டால் 16-க்கு 1 வந்துவிடும். பின்னணியைத் தொடவே தேவையில்லை, எழுத்தை மாற்றினால் சரி.

அச்சில் இன்னொரு சிக்கல். திரை ஒளியைத் தருகிறது, மை ஒளியை விழுங்குகிறது. சயன் என்ற பச்சை கலந்த நீல மையும் மஞ்சள் மையும் கலந்து கடதாசியில் வரும் பச்சை மங்கித்தான் இருக்கும். "போனில் பார்த்த நிறம் இதில்லையே" என்று வாடிக்கையாளர் கோபிப்பார், பேச்சு வாங்குவது அச்சகக்காரர். அதே பளிச்சு வேண்டுமென்றால் ஒளிரும் மையைத் தனியாகப் போடவேண்டும், செலவும் கூடும். ஓடர் எடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், துணை நிறம். பட்டு நெய்பவர்கள் கிளிப்பச்சை உடலுக்கு அரக்குக் கரை வைப்பார்கள். அந்தக் கரைதான் பச்சையை அடக்கி அழகாக்குகிறது. அரக்கு, கடும் நீலம், கத்தரிப்பூ நிறம், கரிச்சாம்பல் எதுவும் பொருந்தும். செம்மஞ்சளோடு மட்டும் சேர்க்காதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். ஒரு விலை, ஒரு திகதி, ஓர் அம்புக்குறி, அவ்வளவுக்கு இந்தப் பச்சை போதும்.

நல்லூர்த் திருவிழாவுக்குப் பனர் அடிக்கமுன் ஒரு சின்னத் துண்டை அடித்து, மத்தியான வெயிலில் வீதியின் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். எழுத்துத் தெரியவில்லையென்றால் பின்னணியை வெள்ளையாக்கி, எழுத்தைக் கடும் நிறமாக்கி, பச்சையை ஒரு மூலைக்குக் கொண்டுபோங்கள்.

அன்புடன்,
உங்களில் மூத்த ஒரு வடிவமைப்பாளர்